எலிசபெத், டார்சி: முடிவு தெரிந்த காதலை ரசிகர்கள் ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்?

கேள்வி: ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை வைத்து ரசிகர்கள் எழுதும் மறுகதைகள் குவிந்துகொண்டே போகின்றனவே, ஒரே ஜோடியின் கதையில் அப்படி என்ன மிச்சம் இருக்கிறது? மூலத்தை வாசிக்காமல் நேராக இவற்றுக்குப் போகலாமா?

முடிவு தெரிந்திருப்பதுதான் வசதி. நாவலின் நாயகி எலிசபெத் பென்னெட்டுக்கும் திமிர் பிடித்த பணக்காரன் டார்சிக்கும் கல்யாணம் ஆகிவிடும் என்ற உத்தரவாதம் கையில் இருப்பதால், நடுவில் எழுதுபவர் அவர்களை என்ன பாடு படுத்தினாலும் பொறுத்துக்கொள்ளலாம். நான் பல ஆண்டுகளாக இவற்றை வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை சுமார் ரகம். நல்லது ஒன்று அகப்பட்டால் மட்டும் விடிய விடியக் கீழே வைக்க மனம் வராது.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். மிச்சம் வைத்தது ஜேன் ஆஸ்டினேதான். 1813இல் வந்த அந்த நாவலில் காதல் பேச்சை அவர் படு சிக்கனமாகவே செலவழிக்கிறார். 34ஆம் அத்தியாயத்தில், ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் எலிசபெத் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் உறவினர், பாதிரியார் காலின்ஸின் வீட்டுக்கு டார்சி வந்து காதலைச் சொல்கிறான். எவ்வளவோ போராடியும் முடியவில்லை என்று நான்கே வாக்கியம் அவன் வாயால் வருகிறது. அதன் பிறகு, அவள் குடும்பம் தாழ்ந்தது, இந்தச் சம்பந்தம் தனக்கு இறக்கம் என்று அவன் அடுக்கியதையெல்லாம் ஆசிரியரே சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். எலிசபெத் சண்டை போட்டு அவனை மறுத்துவிடுகிறாள். 58ஆம் அத்தியாயத்தில் அவன் இரண்டாம் முறை கேட்கிறான். அங்கே இன்னும் அநியாயம்: எலிசபெத் சம்மதம் சொன்ன வார்த்தைகள் மேற்கோள் குறிக்குள் வருவதே இல்லை. தன் மனம் அடியோடு மாறிவிட்டதை அவனுக்கு உணர்த்தினாள் என்பதோடு சரி. அவ்வளவு பக்கம் காத்திருந்த வாசகர் சும்மா இருப்பாரா?

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் அவமானப்பட்டுப் போனவன், கோடையில் பெம்பர்லி என்ற தன் மாளிகையில் அவளைச் சந்திக்கும்போது ஆளே மாறியிருக்கிறான். அவளுடைய தாய்மாமன் கார்டினர் லண்டனில் வியாபாரம் செய்து பிழைப்பவர். யாருடைய உறவு தனக்கு இழுக்கு என்று டார்சி நினைத்தானோ, அவரிடமே, எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள், தூண்டிலும் நான் தருகிறேன் என்கிறான். இடையில் அவனுக்குள் என்ன நடந்தது? கதை எலிசபெத்தோடு நடப்பதால் நமக்குக் காட்டப்படுவதில்லை. கடைசியில் அவனே சில வரிகளில் சொல்லிக்கொள்வதோடு சரி. மறுகதை எழுதுபவர்களில் பாதிப் பேர் குடியிருப்பது இந்தச் சில மாதங்களில்தான்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததும் ஆஸ்டின்தான் என்பேன். நாவல் வந்த சில மாதங்களில் லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே தொங்கிய ஒரு படம் அப்படியே திருமதி பிங்லிதான் (நாவலில் பிங்லியை மணக்கும் எலிசபெத்தின் அக்கா ஜேன்) என்று தன் அக்காவுக்கு எழுதினார். திருமதி டார்சியின் படம் மட்டும் கிடைக்கவில்லையாம். பிறர் பார்வையில் படும்படி அதை வைக்க டார்சிக்கு மனம் வந்திருக்காது என்று காரணமும் கற்பித்தார். பிறகு அவருடைய அண்ணன் மகன் எழுதிய நினைவுக்குறிப்பில், எலிசபெத்தின் தங்கைகளில் கிட்டியை ஒரு பாதிரியார் மணந்தார், மேரிக்கு மாமா பிலிப்ஸின் குமாஸ்தா ஒருவர்தான் வாய்த்தார் என்று அத்தை வீட்டில் சொன்ன செய்திகள் வருகின்றன. மேரிக்குக் குமாஸ்தாதான் என்பதை ரசிகர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. அவளுக்கென்று தனி நாவல்களே எழுதிவிட்டார்கள். 1995இல் பிபிசி எடுத்த ஆறு பகுதித் தொடர் இந்தக் கூட்டத்தைப் பெருக்கியது. அதில் டார்சி குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு வரும் காட்சி மூலத்தில் கிடையவே கிடையாது. ஆனால் அதுவும் மூலம் போலவே இன்று மறுகதைகளில் நடமாடுகிறது.

ரசிகர்கள் சேர்த்துவைத்த சொத்து வேறு இருக்கிறது. டார்சியின் மாமன் மகன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமின் முதற்பெயரை ஆஸ்டின் எங்கும் சொல்லவில்லை. மறுகதைகளில் அவர் பெரும்பாலும் ரிச்சர்ட். அவருடைய தந்தையான பிரபு எந்த ஊருக்குப் பிரபு என்றும் நாவலில் இல்லை. மறுகதைகளில் அவருக்கு மாட்லாக் என்று பட்டமே வந்துவிட்டது.

எனக்கு அதிகம் பிடித்தது ‘கட்டாயக் கல்யாணம்’ என்ற வகை. இருவரும் தனியாக எங்கோ மாட்டிக்கொள்கிறார்கள், ஊர் வாய்க்கு அஞ்சிக் கல்யாணம் நடக்கிறது, காதல் பிறகு வருகிறது. இதில் எழுதுபவருடைய உழைப்பு கல்யாண லைசென்ஸில் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். அல்லது பிஷப் தரப்பில் சாதாரண லைசென்ஸ் வாங்க வேண்டும். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்க அனுமதிக்கும் சிறப்பு லைசென்ஸ் கான்டர்பரி பேராயரிடமிருந்து மட்டுமே வரும். மூலத்தில் எலிசபெத்தின் தாய் திருமதி பென்னெட் அதைக் கேட்பது பெருமைக்காக. மறுகதைகளிலோ ஆளாளுக்குக் குதிரையேறிப் போய் அதை வாங்கி வருகிறார்கள். எலிசபெத்துக்கு வயது 20. இருபத்தொன்று நிறையாதவருக்கு லைசென்ஸில் கல்யாணம் என்றால் தந்தையின் சம்மதம் வேண்டும். இது தெரிந்த எழுத்தாளர் பென்னெட் குடும்பத்தின் லாங்போர்ன் வீட்டு நூலக அறையில் அவள் தந்தை திரு. பென்னெட்டை உட்காரவைத்து, எப்போதும் கேலி பேசித் தப்பிக்கும் அந்த மனிதரை ஒரு முடிவு எடுக்க வைப்பார். தெரியாதவர் கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

தேறாத கதைகள் எவை என்றும் சொல்லிவிடுகிறேன். டார்சி முதல் பக்கத்திலேயே உத்தமனாக இருந்தால் மூடி வைத்துவிடுவேன். மெரிட்டன் நடனத்தில் அவளைப் பார்த்து ‘பரவாயில்லை, ஆனால் என்னை ஈர்க்கும் அழகு இல்லை’ என்று சொன்ன திமிர் உடைந்தாக வேண்டும். ஹன்ஸ்ஃபோர்டு சண்டையை எடுத்துவிட்டால், அதற்கு ஈடாக வேறோர் அடி அவனுக்கு விழ வேண்டும். எலிசபெத்தும், டார்சியைப் பற்றி விக்கம் என்ற ராணுவ அதிகாரி சொன்ன பொய்யை நம்பியதற்காக ஒரு முறையாவது கூனிக்குறுக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கதை, எத்தனை முத்தம் இருந்தாலும் உப்புச் சப்பில்லாதது.

திருமதி பென்னெட்டைக் கொடுமைக்காரத் தாயாக்கும் கதைகளும் பெருகிவிட்டன. எனக்கு ஒட்டவில்லை. ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம், ஐந்து பெண்கள், கணவர் கண்மூடினால் வீடு ஆண் வாரிசான காலின்ஸுக்குப் போய்விடும். அவள் கத்துவது அசட்டுத்தனமாக இருக்கலாம், பயம் அசடு இல்லை. திரு. பென்னெட் சீக்கிரமே இறந்துபோகும் மறுகதைகள் சிலவற்றில் அவளுக்கு இந்த நியாயம் கிடைக்கிறது.

மூலத்தை வாசிக்காமல் போகலாமா என்றால், வேண்டாம். காப்புரிமை எப்போதோ முடிந்த நூல், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மறுகதையின் ருசி முழுவதும் எந்த முடிச்சை மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுகொள்வதில் இருக்கிறது. குறைந்தது 34, 35, 36 ஆகிய மூன்று அத்தியாயங்களை நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். முதலாவது சண்டை, அடுத்தது டார்சியின் கடிதம், மூன்றாவது அதை அவள் திரும்பத் திரும்பப் படித்துத் தன்னையே திட்டிக்கொள்வது.

பிறகு டார்சியின் பார்வையில் மூலக்கதையை அப்படியே சொல்லும் நூல் ஒன்றில் தொடங்குங்கள். அடுத்து, ஒரே ஒரு நிகழ்ச்சியை மாற்றும் கதைகள். கடிதம் அவள் கைக்கு வராமல் போவது, பிங்லியின் நெதர்ஃபீல்டு மாளிகையில் ஜேனின் காய்ச்சல் நீண்டுபோவது போன்றவை. வாங்கும் முன் இலவச மாதிரிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே எலிசபெத் சிரிக்க வைக்கவில்லை என்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.