குழுவாரியாக ஹிஸ்டோகிராம் வரைவது: கேள்வி பதில்

ஹிஸ்டோகிராமை, அதாவது பள்ளிப் பாடநூல் 'நிகழ்வு செவ்வகம்' என்று சொல்லும் படத்தைத் தரவின் ஒரு குழுவுக்கு மட்டும், அல்லது குழு குழுவாக, மென்பொருளில் வரைவது பற்றி வந்த கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்கு ஒரே தரவைக் கையாள்கிறேன். அண்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட 344 பென்குயின்கள்: அடேலி 152, ஜென்டூ 124, சின்ஸ்ட்ராப் 68. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் 4.5 பதிப்பு முதல் இத்தரவு கூடவே வருகிறது. நான் சொல்வதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உயிரியல் ஆய்வு மாணவி: மொத்தத் தரவுக்கும் ஹிஸ்டோகிராம் வரைந்துவிட்டேன். குழுவாகப் பிரிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். பென்குயின்களின் இறக்கை நீளத்தை மொத்தமாக வரையுங்கள். 190 மி.மீ. பக்கம் ஒரு முகடு, 215 பக்கம் இன்னொரு முகடு, நடுவில் பள்ளம். மொத்தச் சராசரி 201. அந்த எண் எந்த இனத்துக்கும் உரியதன்று. இனவாரியாகப் பிரித்தால் அடேலி 190, சின்ஸ்ட்ராப் 196, ஜென்டூ 217 என்று சராசரிகள் தெளிவாகப் பிரிகின்றன. இரட்டை முகட்டைக் கண்டதும் "இதற்குள் எத்தனை கூட்டம் கலந்திருக்கிறது?" என்று கேட்பதுதான் முதல் வேலை.

முதுகலை மாணவர்: ஆரில் 'சப்செட்' கட்டளையால் அடேலியை மட்டும் எடுத்தேன். படத்தில் மூன்று இனமும் வருகின்றன. பிழைச்செய்தியும் இல்லை.

நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி போட்டிருப்பீர்கள். இரட்டைச் சமக்குறி வேண்டும். ஒற்றைக் குறியை 'சப்செட்' நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளாது. வாய் திறக்காமல் எல்லா வரிசைகளையும் திருப்பித் தந்துவிடும். வடிகட்டிய உடனே வரிசைகளை எண்ணுங்கள். 152 வரவேண்டிய இடத்தில் 344 வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஓர் ஆய்வாளர்: அடேலி, ஜென்டூ இரண்டையும் சேர்த்து எடுக்க, இரட்டைச் சமக்குறிக்குப் பின் இரு பெயர்களையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தேன். படம் வந்தது. சரிதானே?

தவறு. இந்தப் பிழை யார் கண்ணிலும் எளிதில் படாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆர் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சுற்றவைக்கிறது. முதல் வரிசை அடேலியா, இரண்டாவது வரிசை ஜென்டூவா, மூன்றாவது அடேலியா என்று மாற்றி மாற்றிக் கேட்கிறது. 276 பறவைகள் வரவேண்டிய இடத்தில் 138தான் வரும், சரிபாதி. 344 இரட்டைப்படை எண் என்பதால் எச்சரிக்கைகூட வராது. பாதித் தரவில் வரைந்த படமும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். பல பெயர்களுக்கு எப்போதும் 'இன்' என்பதை இருபுறமும் சதவீதக் குறியிட்டு எழுதும் செயற்குறியைத்தான் (%in%) பயன்படுத்த வேண்டும். வரைந்தபின் வரிசைகளை எண்ணுங்கள். மறுபடியும் சொல்கிறேன், எண்ணுங்கள்.

கல்லூரி ஆசிரியர்: பிரிவு இடைவெளியை எப்படி முடிவு செய்வது? மென்பொருள் தருவதை அப்படியே விட்டால் போதாதா?

போதாது. குழுக்களை ஒப்பிடும்போது நிச்சயமாகப் போதாது. ஆரின் 'ஹிஸ்ட்' கட்டளை, பிரிவுகளின் எண்ணிக்கைக்கு 1926இல் ஸ்டர்ஜஸ் சொன்ன விதியைப் பின்பற்றுகிறது. பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப் பத்துப் பிரிவு போடுகிறது. ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட் முப்பது போட்டுவிட்டு, வேறு அகலம் தரச்சொல்லிக் கேட்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் தரவைப் பார்த்து யோசித்த முடிவன்று. ஆரில் மூன்று இனத்துக்கும் தனித்தனியாக 'ஹிஸ்ட்' கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எல்லைகள், வெவ்வேறு அச்சு. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி "ஒரே மாதிரி இருக்கின்றன" என்று முடிவெழுதிய ஆய்வேடுகளைப் படித்திருக்கிறேன். மனம் பதறுகிறது.

பிரிவு அகலத்துக்கான ஃப்ரீட்மன்-டயகோனிஸ் விதியை (1981) எடுத்துக்கொள்வோம்: கால்மான வீச்சின் (தரவின் நடுப்பாதி பரவியிருக்கும் தூரம்) இரு மடங்கை, எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். மொத்தத் தரவில் கால்மான வீச்சு 23 மி.மீ.; அளவு விடுபட்ட இரண்டு பறவைகள் போக எண்ணிக்கை 342. அகலம் ஏறக்குறைய 6.6 வரும். ஜென்டூவுக்கு மட்டும் கணக்கிட்டால் 3.6, அடேலிக்கு 3.4, சின்ஸ்ட்ராப்புக்கு 4.9. மொத்தக் கணக்கில் ஏன் இவ்வளவு பெரிய அகலம்? இனங்களுக்கு இடையிலுள்ள தூரமும் கால்மான வீச்சுக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே அகலத்தைக் குழுவுக்குள் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு எல்லாக் குழுவுக்கும் பொதுவாக ஒன்றை வையுங்கள். நான் 4 மி.மீ. வைப்பேன்.

எல்லையை 169.5இல் தொடங்குவேன், நான்கு நான்காகக் கூட்டி 233.5 வரை. அந்த அரை எதற்கு? அளவுகள் முழு எண்கள். எல்லை 190இல் விழுந்தால், 190 மி.மீ. பறவையை ஆர் இடப்பக்கப் பிரிவில் சேர்க்கும், பைத்தானின் நம்பை (NumPy) தொகுப்பு வலப்பக்கப் பிரிவில் சேர்க்கும். ஒரே தரவுக்கு இரண்டு படங்கள் வரும். அரையில் தொடங்கினால் அந்தச் சிக்கலே எழாது.

பொருளியல் மாணவி: ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் வருமானத்தை வரைகிறேன். ஆட்கள் கூடுதலாக வருகிறார்கள்.

வயது பதிவாகாதவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்டாட்டா விடுபட்ட மதிப்பை எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கருதும். 'வயது விடுபடவில்லை' என்ற நிபந்தனையையும் சேருங்கள். அகலம், தொடக்கம் இரண்டையும் நீங்களே கொடுங்கள்.

அரசு ஊழியர்: எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் 'செலக்ட் கேஸஸ்' வழியாக ஒரு மாவட்டத்தை எடுத்தேன். அதன்பின் எல்லா அட்டவணையும் அந்த மாவட்டத்துக்கே வருகிறது.

நீங்களாக நிறுத்தும்வரை வடிகட்டி இயங்கிக்கொண்டே இருக்கும். 'ஆல் கேஸஸ்' என்பதற்குத் திரும்புங்கள். அதே பெட்டியில் தேர்வாகாதவற்றை நீக்கிவிடும் விருப்பமும் உண்டு, அதைத் தொடாதீர்கள். அதைக் கொடுத்துக் கோப்பையும் சேமித்துவிட்டால் மற்ற மாவட்டங்கள் போனவைதான்.

புள்ளியியல் பட்டதாரி: குழுக்களை ஒப்பிட நிகழ்வெண்ணே போதும். அடர்த்தி எதற்கு? 68 பறவைகளை 152 பறவைகளுக்குச் சமமாக உயர்த்திக் காட்டுவது ஏமாற்று.

கடுமையான சொல். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஹிஸ்டோகிராமில் பொருள் தருவது செவ்வகத்தின் பரப்பு. அதனால்தான் பிரிவுகள் சமமற்றவையாக இருந்தால் உயரத்தைத் திருத்தவேண்டும் என்று பள்ளியிலேயே கற்பிக்கிறார்கள். "எந்த இனத்தில் எத்தனை பறவைகள் அளந்தார்கள்?" என்பது உங்கள் கேள்வியானால் நிகழ்வெண் போடுங்கள். "எந்த இனத்தின் இறக்கை நீளம் எப்படிப் பரவியிருக்கிறது?" என்பது கேள்வியானால், ஒவ்வொரு குழுவின் மொத்தப் பரப்பும் 1 ஆக இருக்கவேண்டும்; அடர்த்தி என்பது அப்படி அமைத்த உயரம்தான். இல்லாவிட்டால் வாசகர் பரவலுக்குப் பதிலாக மாதிரி அளவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே பட்டதாரி: அப்படியென்றால் சின்ஸ்ட்ராப்பின் ஒரே ஒரு பறவை பெரிய மேடுபோலத் தெரியுமே?

தெரியும், ஒப்புக்கொள்கிறேன். 4 மி.மீ. அகலத்தில் ஒரு சின்ஸ்ட்ராப் பறவை 0.0037 உயரம் எழுப்பும். ஒரு அடேலி 0.0017தான். சிறு குழுவின் தற்செயலான மேடு பள்ளங்கள் இருமடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகின்றன. அதற்காக அடர்த்தியைக் கைவிடமாட்டேன். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் பறவைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். எண்ணிக்கை இல்லாத அடர்த்திப் படத்தை நான் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவேன்.

மற்றொருவர் (பைத்தான்): சீபார்ன் வரைபடத் தொகுப்பில் அடர்த்தி கொடுத்தும் சின்ஸ்ட்ராப் குட்டையாகவே நிற்கிறது. பட்டதாரி சொல்வதுதான் சரியோ?

இல்லை. சீபார்ன் வழக்கமாக மூன்று குழுவையும் சேர்த்தே மொத்தப் பரப்பை 1 ஆக்குகிறது. 'காமன் நார்ம்' என்ற அமைப்பைப் பொய் (False) என்று மாற்றுங்கள், சின்ஸ்ட்ராப் எழுந்து நிற்கும்.

பட்டதாரி மீண்டும்: மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் இந்த வாதமே வேண்டாமே?

அடுக்கினால் அடியில் இருக்கும் குழுவுக்கு மட்டுமே சமதளம் கிடைக்கும். மேலே இருப்பவை அடுத்தவர் தோளில் நிற்கின்றன. அவற்றின் வடிவத்தை யாராலும் படிக்க முடியாது. ஜிஜிபிளாட்டில் நிறத்தால் குழுவைப் பிரித்தால் வழக்கமாக வருவது இந்த அடுக்குதான், பலர் அறியாமலே அதை வெளியிடுகிறார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனிக்கட்டங்களில், ஒரே கிடை அச்சில் வையுங்கள். முகடுகள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்வதைக் கண் தானே பிடித்துக்கொள்ளும். உங்களோடு வாதிட்டது எனக்குப் பயனாக இருந்தது; எண்ணிக்கையைத் தலைப்பில் எழுதும் விதியை இனி இன்னும் அழுத்திச் சொல்வேன்.

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே சொற்களில்: எத்தனை பிரிவுகள் வைக்கலாம்?

கல்லூரி ஆசிரியருக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். ஒரே எல்லை, ஒரே அகலம், ஒரே அச்சு. இதற்கு இன்று நான் மறுபடி எழுதப்போவதில்லை.

சிறு வணிகர்: எக்ஸெல்லில் முடியுமா?

2016 பதிப்பு முதல் ஹிஸ்டோகிராம் வரைபடம் உண்டு. குழுவுக்கு ஒரு படம் வரைந்து, பிரிவு அகலத்தை எல்லாவற்றிலும் ஒன்றாக அமையுங்கள். முதல் பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதையும் ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

மருத்துவ ஆய்வு மாணவர்: குழுக்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்று நிறுவ எந்தச் சோதனை செய்யவேண்டும்?

அது தனிப் பொருள். உங்கள் துறையின் புள்ளியியலாளரிடம் தரவோடு செல்லுங்கள். செல்லும்போது குழுவாரிப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள், அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

முதல் மாணவி மீண்டும்: நீங்கள் சொன்னபடி 169.5இல் தொடங்கி வரைந்தேன். அடேலியில் 151 பறவைகள்தான் வருகின்றன. எங்கே தவறினேன்?

தவறவில்லை. ஓர் அடேலிக்கும் ஒரு ஜென்டூவுக்கும் இறக்கை நீளம் பதிவாகவில்லை. ஆகவே தலைப்பில் 152 வேண்டாம், 151 என்று எழுதுங்கள்.