மருந்துக்கடை ஆச்சி பதில்கள்: புகெட்டில் பட்ட காயம்

கேள்வி: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு தாய்லாந்தின் புகெட்டுக்குப் போய்வந்தோம். இரண்டாம் நாள் கடலில் என் வீட்டுக்காரரின் குதிகாலில் பவளப்பாறை கிழித்துவிட்டது. கைப்பையில் இருந்த கோடாலித் தைலத்தைத் தடவித் துடித்துப் போனார். தெருமுனையில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு அணிந்த பெண், டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் காப்சூல் கொடுத்தார். மறுநாள் மாலை இவருடைய முகமும் கைகளும் நெருப்பில் வாட்டியதுபோல் சிவந்துவிட்டன. போலி மருந்து என்று எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். இரவில் வலியால் தூக்கமில்லை என்றதும், நாத்தனார் மகன் கடற்கரையில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவனிடம் தூக்க மாத்திரை என்று கொஞ்சம் வாங்கிவந்தான். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுநாள் மதியம் வரை இவர் எழவே இல்லை. மீதி எட்டு மாத்திரைகள் இங்கே வீட்டில் இருக்கின்றன. வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, நம்ப வேண்டியதைக் குப்பையில் போட்டுவிட்டு, குப்பையில் போட வேண்டியதைப் பெட்டியில் வைத்து இரண்டு விமான நிலையங்களைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

காப்சூலை முதலில் பார்ப்போம். டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவரின் தோல் வெயிலைத் தாங்காது. அது அந்த மருந்தின் குணம். அதைப் போட்டுக்கொண்டு சட்டையில்லாமல் கடற்கரையில் கிடந்தால் தோல் வெந்துதான் போகும். அந்தப் பெண் சொல்லியிருப்பார். அவருடைய ஆங்கிலமும் உங்களுடைய ஆங்கிலமும் பாதி வழியில் ஒன்றையொன்று தவறவிட்டிருக்கும். காரைக்குடியில் கடை வைத்திருந்த 38 ஆண்டுகளும் நான் இந்த மருந்தைக் கொடுக்கும்போது அட்டையின் பின்னால் ஒரு சூரியனை வரைந்து குறுக்கே கோடு போட்டுக் கொடுப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, பாலோடு சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுப்பதில்லை.

சீட்டுக் கேட்கவில்லையே என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. தாய்லாந்தில் மருந்தாளுநர் நேரில் விசாரித்துப் பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் சீட்டு கட்டாயம். நம் நாட்டு நடைமுறையைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

காயத்துக்கு வருகிறேன். கோடாலித் தைலம், ரங்கூனில் பிறந்த டைகர் பாம் இரண்டும் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன நம் ஐயாக்கள் காலத்திலிருந்து நம் வளவு வீடுகளில் புழங்குபவை. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் சரி. தோல் கிழிந்த இடத்தில் ஒருபோதும் ஆகாது. பவளம் வெறும் கல் அல்ல, உயிர்கள் கட்டிய கூடு. உரசும்போது அதன் துணுக்குகள் சதைக்குள் தங்கிவிடும். அதனால்தான் நகக்கீறல் அளவு காயம்கூட வாரக்கணக்கில் ஆறாமல் நீர் வடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவி, கண்ணுக்குத் தெரிகிற துணுக்கைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவியிருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் ஆறவில்லை என்றால் இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் இன்றே போங்கள். கடல்நீரில் இருக்கும் விப்ரியோ என்ற கிருமி, சர்க்கரைக்காரர்களையும் ஈரல் கெட்டவர்களையும் ஓரிரு நாளிலேயே படுக்கையில் தள்ளிவிடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, ஊரில் பெரிய மருத்துவமனை எதுவோ அங்கே போக வேண்டும்.

இனி அந்த எட்டு மாத்திரைகள். தாய்லாந்தில் அல்பிரசோலம் போன்ற, தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் மருந்துக்கடையிலேயே கிடைக்காது. டாக்டர் பார்த்து மருத்துவமனையில் கொடுத்தால்தான் உண்டு. கடையில் இல்லாதது மணலில் நடக்கிறவனிடம் எப்படி வந்தது? மாத்திரை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால் எந்தப் பொடியையும் எந்தப் பெயரிலும் விற்கலாம். மெக்சிகோவின் சில சுற்றுலா ஊர்களில் மருந்துக்கடைகளே உதிரியாக விற்ற மாத்திரைகளில் ஃபென்டனைல் என்ற கடும் வலிநிவாரணியும் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளும் இருந்ததை 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஃபென்டனைல் 2 மில்லிகிராம், அதாவது உப்புத்தூள் சில பரல், ஒரு மனிதனின் மூச்சை நிறுத்தப் போதும். உங்கள் வீட்டுக்காரர் அன்று இரவு இரண்டு பெக் சாப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். பொடி செய்யாமல் அப்படியே வடிகட்டிய காப்பித்தூளோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நாத்தனார் மகனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த ஆளிடம் திரும்பப் போய், "நேற்று நீ கொடுத்தது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்ல அவனுக்கு ஒரு கடை இருந்ததா, பலகை இருந்ததா, பேரேடு இருந்ததா?

கேள்வி: பினாங்கு தண்ணீர்மலைக் கோவில் தைப்பூசத்துக்கு 72 வயது ஆத்தாவை அழைத்துப் போகிறேன், பிறகு லங்காவிக் கடற்கரை. ஆத்தா ரத்த அழுத்த மாத்திரையும் இரவில் அல்பிரசோலமும் சாப்பிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் பினாங்கில் இருக்கும் தம்பிக்குப் பலகாரமும், வைத்தியர் கொடுத்த சூரணம் என்று ஒரு பொட்டலமும் தருகிறார். கொண்டுபோகலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஆத்தாவின் மாத்திரைகளைக் காலை, மாலை என்று டப்பாவில் பிரித்துப் போடாதீர்கள். கடையில் வாங்கிய அட்டையிலேயே, பெயர் தெரிய இருக்கட்டும். மருந்தின் வேதிப்பெயரை எழுதிய டாக்டர் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வேண்டும். அல்பிரசோலம் நம் நாட்டிலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதுதான். ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போக வேண்டாம். எல்லாம் கைப்பையில்.

மணகோலமும் சீப்புச்சீடையும் தாராளமாகக் கொண்டுபோங்கள், உங்கள் கையால் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு. சூரணம் வேண்டாம். மலேசியாவின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952இல் வந்தது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்பதை 2023இல்தான் நீக்கினார்கள். நீதிபதி விரும்பினால் இன்றும் விதிக்கலாம். பெயரில்லாத பொடியை விளக்கும் வேலை ஆத்தாவுக்கு எதற்கு? அந்தத் தெரிந்தவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கடலில் ஜெல்லி மீன் கொட்டினால் மணலைத் தேய்க்கலாமா? பிள்ளைகளோடு கோ சாமுய் போகிறோம்.
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். இரண்டும் மிச்ச விஷத்தையும் உடம்புக்குள் ஏற்றிவிடும். அந்தத் தீவுப் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, அதனால் பல கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோ இடுக்கியோ கொண்டு எடுங்கள். மூச்சுத் திணறினால் 1669. இந்த எண்ணை இப்போதே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை ஸ்கூட்டரின் சைலன்சர் சுட்டுக் கெண்டைக்காலில் கொப்புளம். பற்பசை தடவினேன்.
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பற்பசை, பேனா மை, தோசை மாவு எதுவும் வேண்டாம். சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அடுத்த முறை சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். விழுந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: தாய்லாந்தில் கஞ்சா சட்டப்படி செல்லுமாமே? திரும்பும்போது கொஞ்சம் கொண்டுவந்தால் என்ன?
- (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: 2022 ஜூனில் தடையை எடுத்தார்கள். 2025 ஜூனில் டாக்டர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். சென்னையில் இறங்கினால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளைச் சுங்கத்துறையினர் இப்போது தனியாகவே துழாவுகிறார்கள். பேரும் ஊரும் போடாமல் எழுதியிருக்கிறீர்களே, பதில் உங்களுக்கே தெரிந்திருக்கிறது தம்பி.