கொழும்பில் முற்றத்துக்கும் மதிலுக்கும் எந்தக் கல் நல்லது?

தெஹிவளையில் கடலை அண்டிய வீடு, முற்றத்துக்கும் முன்மதிலுக்கும் இயற்கைக் கல் வேண்டும், கடையில் மணற்கல், ஸ்லேட், கருங்கல் மூன்றையும் காட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் முற்றத்துக்குக் கருங்கல், மதிலுக்குக் கபுக் கல், அதாவது லேட்டரைட் எனும் செந்நிறக் கல்.

நம்மவர்கள் கடையில் காய்ந்து கிடக்கும் கல்லின் நிறத்தில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், கல்லை ஈரத்தில் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. ஒரு மாதிரித் துண்டை வாங்கித் தண்ணீர் தெளியுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்துப் போனால், அந்தக் கல்லில் பாசி குடியேற அதிக நாள் பிடிக்காது. மணற்கற்கள் பலவற்றின் கதை இதுதான். ஸ்லேட் படைபடையாக அமைந்த கல். மட்டமான ரகமாக இருந்தால் உப்புக் காற்றிலும், நனைந்து காய்வதிலும் ஏடு ஏடாக உரியும். தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைக்கும் கல் சுண்ணக்கல் வகை. புளிப்பு எது பட்டாலும் அரிக்கும். யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது ஊர்க் கல்லை லொறியில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னால், பாசத்துக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதுவும் சுண்ணக்கல்தான்; போதாக்குறைக்கு ஏற்றிவர அனுமதிப்பத்திரமும் தேவை.

இங்கே கருங்கல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி நைஸ் (gneiss), சார்னொகைட் போன்ற பழம்பாறைகள். தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய உருமாறிய பாறைகளின் மேல்தான் இருக்கிறது. நீர் உறிஞ்சுவது மிகக் குறைவு, உப்புக்கும் அசையாது. ஆனால் பளபளப்பாக மெருகேற்றியதை முற்றத்தில் போட வேண்டாம். முதல் மழையிலேயே யாராவது வழுக்கி விழுவார்கள். நெருப்பால் சுட்டோ கொத்தியோ சொரசொரப்பாக்கியதைக் கேளுங்கள். துருநிறப் புள்ளிகள் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். கல்லில் இருக்கும் இரும்பு மழையில் கசிந்து கறையாகப் பரவும்.

கபுக் கல்லை இப்போது பலர் மலிவுச் சரக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை. மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல் அது. 1757இல் கட்டி முடித்த கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவர்கள் கபுக் கல்லால் ஆனவை. நிபந்தனை இரண்டு: அடியில் கருங்கல் அத்திவாரத்தைத் தரைமட்டத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும், மதில் தலையில் மழைநீர் வெளியே சொட்டும்படி மூடுகல் வேண்டும். மண்ணைத் தாங்கும் மதிலாக இருந்தால் கருங்கல்லிலேயே கட்டி, பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் விடச் சொல்லுங்கள்.

கல்லைவிட மேசனோடு அதிகம் பேச வேண்டியது வாட்டத்தைப் பற்றி. ஒரு மீற்றருக்கு ஒன்றரை சென்ரிமீற்றராவது வீட்டுக்கு எதிர்ப்புறம் சரிய வேண்டும். பள்ளத்தில் நீர் தேங்கினால் பாசி மட்டுமல்ல, நுளம்பும் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் டெங்குச் சோதனைக்கு வருவார். வேலை முடிந்ததும் சீமெந்துக் கறையை அசிட் ஊற்றிக் கழுவ மேசன் முன்வருவார். கபுக் கல் மதிலின் பக்கம் அந்தப் போத்தலைக் கொண்டுபோகவே விடாதீர்கள். ஈரம் காய்வதற்குள் துணியால் துடைக்கச் சொன்னாலே போதும்.