போனில் மீன் விலைப் பக்கம் பொடியாகத் தெரிவது

உங்கள் மீன் விலைப் பக்கம் போனில் ஏன் பொடியாகத் தெரிகிறது என்று கேட்டீர்கள். அதன் எச்டிஎம்எல் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தை எந்த அகலத்தில் காட்டுவது என்று போனுக்குச் சொல்லும் வரி) இல்லை, அதனால்தான். அது இல்லாத பக்கத்தை போன் பிரவுசர் 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு திரைக்குள் சுருக்கிவிடும். அந்த டேக்கைச் சேர்த்து, அதில் விட்த் மதிப்பை டிவைஸ்-விட்த் (போன் திரையின் அகலம்) என்றும், இனிஷியல்-ஸ்கேல் மதிப்பை 1 என்றும் கொடுங்கள். எழுத்து உடனே பெரிதாகும்.

ஆனால் அப்போது அடுத்த சிக்கல் வரும்: பக்கம் பக்கவாட்டில் நகரும், விலைக் கட்டம் திரைக்கு வெளியே போகும். நீங்கள் டேபிளுக்கு வைத்த 900 பிக்சல் அகலம்தான் காரணம். அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் ஆக்குங்கள்.

அதன் பிறகும் அடங்காவிட்டால் தலைப்பு வரிசையைப் பாருங்கள். அதில் இருக்கும் ஊர்ப் பெயர்களில் பாம்பன், தொண்டி போன்ற சிறியவை பரவாயில்லை. தங்கச்சிமடம், கீழக்கரை எல்லாம் வரிசையாக நின்றால் சொல்லின் நீளத்துக்குக் கீழே கட்டம் சுருங்காது. அதற்காக வேர்ட்-பிரேக்கில் (சொல்லை எங்கே உடைக்கலாம் என்று சொல்லும் சிஎஸ்எஸ் அமைப்பு) பிரேக்-ஆல் போடாதீர்கள், தமிழ்ச் சொல் கண்ட இடத்தில் முறிந்து படிக்கவே வராது. ஊர்களைத் தலைப்பிலிருந்து எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கி, ஊர், சீலா, கணவாய், நண்டு என்று நான்கே பத்தி வையுங்கள். இது போதும் என்பது என் கணிப்பு.

சரிபார்க்க: கணினியில் குரோமில் எஃப்12 (டெவலப்பர் கருவிகள்), பிறகு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் (போன் திரை போலக் காட்டும்), அகலம் 360. அடியில் ஸ்க்ரோல் பட்டை வரக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. வியூபோர்ட் டேக்கில் யூசர்-ஸ்கேலபிள் நோ (விரலால் பெரிதாக்குவதைத் தடுப்பது) என்று மட்டும் எழுதாதீர்கள். மண்டபம் கரையில் உச்சி வெயிலில் விலை பார்ப்பவர் விரலால் பெரிதாக்கத்தான் செய்வார். வெயிலில் சரியாகத் தெரியாத சாம்பல் எழுத்தையும் கறுப்பாக்கிவிடுங்கள்.