போக்கிமானுக்குக் குரல் நடிப்பு தேவையா?

வணக்கம். 2019இல் வெளிவந்த போக்கிமான் சோர்ட் என்ற வீடியோ விளையாட்டில் பியர்ஸ் என்ற பாடகர் மைக்கைப் பிடித்துப் பாடும் காட்சி ஊமைப்படமாக இருப்பது உறுத்துவதாகவும், ஆகவே தொடர் முழுவதற்கும் குரல் நடிப்பு வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உறுத்தல் நியாயமானதே. ஆனால், நாயகனுக்கும் பிடித்துவரும் உயிரினங்களுக்கும் நாமே பெயர் சூட்டும் விளையாட்டில், அப்பெயர்களை எந்த நடிகராலும் முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்ய முடியாது. 2017இல் பிரெத் ஆஃப் தி வைல்ட் மூலம் குரல் நடிப்புக்கு வந்த செல்டா என்ற மற்றொரு விளையாட்டுத் தொடரில், நாயகனுக்கு விரும்பிய பெயரிடும் பழைய வழக்கம் அந்த விளையாட்டில் கைவிடப்பட்டு, லிங்க் என்ற பெயரே நிலைத்தது. இருப்பினும், முக்கியக் காட்சிகளுக்கு மட்டும் குரல் கொடுத்து, ஊர்மக்களின் பேச்சைப் பெரும்பாலும் எழுத்தாகவே விட்ட அதன் அளவு எனக்குப் பிடித்திருந்தது (வேகமாகப் படிக்கும் என் போன்றோர் எப்படியும் பாதி வசனத்திலேயே பொத்தானை அழுத்திவிடுவோம்). போக்கிமானும் பாடல் காட்சிகளில் அவ்வாறு தொடங்கலாம். முழுக் குரலை நான் விரும்பமாட்டேன்.