கேசட்டில் இல்லாத குழந்தை

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட்டில்தான் புச்சினியின் 'மேடம் பட்டர்ஃபிளை' ஆபராவை, அதாவது பாடியே நடிக்கும் மேடை நாடகத்தை, முதலில் கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறேன். இத்தாலிய மொழி ஒரு வார்த்தை தெரியாது, கதையை மாமா சொன்னதோடு சரி. போன வருஷம் மும்பையில் மகள் வீட்டுக்குப் போனபோது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் எடுத்த பதிவைப் பெரிய திரையில் பார்த்தேன். யாருமே பாடாத இடத்தில், குழந்தையாக வந்த பொம்மையைப் பார்த்து அழுதுவிட்டேன். திரையில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது என்கிறார் அண்ணன். சேருமா?

– வாசகி, சுவாமிமலை

பதில்: சேரும். ஏன் தெரியுமா, அந்தக் குழந்தைக்குப் பாட ஒரு வரிகூடக் கிடையாது, அதனால் உங்கள் கேசட்டில் அவன் இல்லவே இல்லை! இத்தனை வருஷம் கேட்டும் அன்றுதான் அவனை முதன்முதலாகப் பார்த்திருக்கிறீர்கள். கோரஸ் வாயைத் திறக்காமல் முனகும் மெட்டு ஒன்று வருமே, கேட்க தாலாட்டு மாதிரி இருக்கும். கதையில் அது ஓர் இரவு. மூன்று வருஷமாகக் காத்திருந்த கதாநாயகிக்குக் கணவனின் கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, பணிப்பெண்ணும் பிள்ளையும் தூங்கிப்போக, அவள் மட்டும் விடியும்வரை கண் மூடாமல் காத்திருக்கிறாள். கடைசியில் பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுத்தான், தன்னையே குத்திக்கொள்ளக் கத்தியை எடுக்கிறாள். இதையெல்லாம் காது மட்டும் எப்படிச் சொல்லும்?

நீங்கள் பார்த்தது இயக்குநர் அந்தோனி மிங்கெல்லாவின் தயாரிப்பு, அந்த அரங்குக்கு 2006-ல் வந்தது. பொம்மை ஜப்பானின் புன்ராக்கு முறையில் ஆடுவது. நம் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் கலைஞர் தலையில் மாட்டிய வளையத்திலிருந்து கயிறு இறங்கும், ஆள் திரைக்குப் பின்னால் நிற்பார். அங்கே கறுப்பு உடையில் மூன்று பேர் கண்ணெதிரே நின்று ஆட்டுகிறார்கள், அப்படியும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை மட்டும்தான் தெரிகிறான்.

அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில் மைக் இல்லாமல்தான் பாடுகிறார்கள். அத்தனை வாத்தியங்களையும் தாண்டி ஒரு வெறும் குரல் கடைசி வரிசைக்கு வந்து சேருவதை ஸ்பீக்கரில் உணர முடியாது, அதை நேரில்தான் கேட்க வேண்டும்.

மொழி தெரியாததைப் பற்றிக் கவலையே வேண்டாம். நரசிம்ம ஜயந்தி சமயத்தில் மெலட்டூருக்கு வந்து பாருங்கள். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய 'பிரகலாத சரித்திரம்' நாடகத்தை, தெலுங்கு தெரியாத நம் ஜனங்கள் ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அண்ணனையும் அழைத்து வாருங்கள்.