கேர் ஹோம் கட்டணம்: கவுன்சில் எப்படிக் கணக்குப் போடுகிறது?

கேர் ஹோம் என்றால் முதியோர் தங்கும் பராமரிப்பு இல்லம்; கவுன்சில் என்றால் உள்ளூராட்சி மன்றம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கான பதில்கள் இவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

கேள்வி: அம்மாவின் கணக்கில் 18,300 பவுண்ட் இருக்கிறது. கேர் ஹோம் செலவு முழுவதும் எங்கள் தலையில்தானா?

பதில்: இல்லை. சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால்தான் முழுக் கட்டணம். முதல் 14,250 பவுண்டைக் கவுன்சில் தொடாது. அதற்கு மேல் உள்ளதில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் மேலதிகமாக இருப்பது 4,050. அதில் பதினாறு 250 போக, 50 மிஞ்சும். அந்தத் துண்டுக்கும் ஒரு பவுண்ட் உண்டு. ஆக வாரம் 17. அதோடு அவருடைய ஓய்வூதியத்தையும் சேர்த்து, கைச்செலவுக்குச் சிறு தொகையை விட்டுவிட்டு மீதியைக் கேட்பார்கள். பிள்ளைகளின் சம்பளம் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: அப்பா கேர் ஹோமுக்குப் போகிறார். அம்மா இருக்கும் வீட்டை விற்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அம்மா அங்கே வாழும்வரை வீடு கணக்கிலேயே வராது. அப்பா வேலை செய்த இடத்து ஓய்வூதியத்தில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தால், அந்தப் பாதியையும் கழிக்க வேண்டும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

கேள்வி: வீட்டை மகன் பெயருக்கு எழுதி ஏழு வருஷம் போனால் சரியாமே?

பதில்: நிறையப் பேரை மாட்டிவிட்ட பேச்சு இது. ஏழு வருஷம் என்பது பரம்பரைச் சொத்து வரிக்கான விதி. பராமரிப்புக் கட்டணத்துக்குக் காலக்கெடுவே கிடையாது. எழுதிக் கொடுத்த நேரத்தில் பராமரிப்பு தேவைப்படும் என்று தெரிந்திருந்ததா, கட்டணத்தைத் தவிர்ப்பதும் ஒரு நோக்கமா என்று பார்ப்பார்கள். ஆம் என்று முடிவானால், வீடு இன்னும் உங்களிடமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். வீடும் போய், கட்டணமும் தலையில் விழும்.

கேள்வி: யாழ்ப்பாணத்துக் காணி? தாலிக்கொடி, காப்பு?

பதில்: காணியைச் சொல்லத்தான் வேண்டும், வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். அணிந்துவந்த நகை சொந்த உடைமை, அதைச் சேர்க்க மாட்டார்கள். கட்டணத்தைக் குறைக்கவென்றே சேமிப்பை எடுத்து நகை வாங்கினால் அது வேறு கதை.

கேள்வி: கேர் ஹோமுக்குப் போகாமல், பராமரிக்க ஆள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டால்?

பதில்: குடியிருக்கும் வீட்டின் மதிப்பு கணக்கில் வராது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸை (பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை) வருமானமாக எடுப்பார்கள்; ஆனால் நோயால் கூடும் செலவைக் கழிக்கச் சொல்லலாம். தினமும் படுக்கை விரிப்பு துவைப்பது, பகல் முழுக்க ஹீட்டர் ஓடுவது எல்லாம் சேரும். பில்களை இன்றிலிருந்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.